பெயரோடு போகும் ஜிமிக்கி: கண்டாச்சிபுரத்திலிருந்து ஓர் இணையக் கடை

கண்டாச்சிபுரத்தில் மண்பாண்டத் தொழிலாளர் குடும்பத்துப் பெண் ஒருவர் சுடுமண் ஜிமிக்கி செய்து இணையத்தில் விற்க முடிவெடுத்தால், அவருடைய முதல் வேலை வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. ஏரி, குளங்களில் வண்டலும் களிமண்ணும் எடுக்கும் நடைமுறையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் எளிதாக்கியது. மாவட்ட ஆட்சியரிடம் கேட்டுப் பெற வேண்டியிருந்த அனுமதி வட்டாட்சியர் கைக்கு வந்தது. விவசாயிகளைப் போலவே மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி மண் எடுக்கலாம். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் கண்டாச்சிபுரம் ஒரு வட்டத் தலைநகர். ஆகவே மண்ணும் மண்ணுக்கான அனுமதிக் காகிதமும் உள்ளூரிலேயே கிடைக்கும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கைவினை நகையை இணையத்தில் விற்பது பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு போட்டோவிலும் ரீல்ஸிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. வாங்குபவர் கையில் போய்ச் சேரும் பொருளுக்குப் பின்னால் ஓர் ஏரி, ஒரு சூளை, ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு பெண்ணின் பகல் நேரம் எல்லாம் இருக்கின்றன. அவற்றை நம்பும்படி எடுத்துச் சொல்வதே இந்தத் தொழிலின் இணைய அடையாளம். மற்றவை அதற்குத் துணை வேலைகள்.

மணி போனது, பெயர் போகவில்லை

விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரியை ஒட்டி அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். பிறகு பிரெஞ்சு ஆய்வாளர் கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் ஆய்வைத் தொடர்ந்தார்கள். ரோமானியத் தொடர்பு பற்றிய செய்திகளால் புகழ்பெற்ற இந்த இடம் நகை வரலாற்றில் வேறொரு காரணத்துக்காகப் பேசப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கண்ணாடி மணிகள் செய்தார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுங்கடிப்பது அந்தத் தொழில்நுட்பம். இந்த வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்த பீட்டர் பிரான்சிஸ், அவற்றின் தொடக்ககால உற்பத்தி மையமாக அரிக்கமேட்டைச் சுட்டினார். இதே வகை மணிகள் தென்கிழக்காசியாவிலும் கொரியாவிலும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் கிடைத்திருக்கின்றன.

கடல் தாண்டி அவ்வளவு தூரம் போன அந்தச் சரக்கோடு செய்தவரின் பெயர் போகவில்லை. கொரியாவில் அந்த மணியைக் கோத்து அணிந்தவருக்கு அதை இழுத்த கை எந்த ஊர்க் கை என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. துறைமுகங்களின் பெயர்கள் வணிகர்களுக்குத் தெரிந்திருந்தன. மணி செய்தவர்கள் மண்ணோடு மண்ணானார்கள். அதே அரிக்கமேட்டில் தமிழ்-பிராமி எழுத்தில் பெயர்கள் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருப்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பானையில் ஆள்பெயர் ஏறியது. மணியில் ஏறவில்லை.

பின்னால் வந்த நூற்றாண்டுகளிலும் கைவினைப் பொருளின் கதை இதுதான். தரகர் வாங்குவார், பெருநகரக் கடைக்காரர் விற்பார், கடையின் பெயர் பெட்டியில் இருக்கும், செய்தவர் யாரென்று எங்கும் இருக்காது. செய்தவரின் பெயரும் ஊரும் பொருளோடு சேர்ந்தே போக இணையம் ஒரு மலிவான வழியைக் கொடுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, தரகர் செய்ததையே செல்போனில் செய்துகொண்டிருந்தால் என்ன பயன்?

பொருளோடு பெயரும் சேர்ந்து போனால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. புதுச்சேரியின் வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கலையில் தேர்ந்த வி.கே.முனுசாமி 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று வில்லியனூர் என்றால் மண்சிற்பம் நினைவுக்கு வருகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. கண்டாச்சிபுரத்தில் செய்த நகையை வில்லியனூர் என்று சொல்லி விற்கச் சட்டம் இடம் கொடுக்காது. இரவல் பெயருக்குத் தேவையும் இல்லை. விழுப்புரத்தைச் சுற்றி அய்யங்கோவில்பட்டு, ராகவன்பேட்டை, சாலையகரம் போன்ற ஊர்களில் விநாயகர் சிலையும் அகல் விளக்கும் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. இந்த மாவட்டத்து மண்ணுக்குச் சொந்தமாகவே ஒரு பெயர் உண்டு.

ஒரு ஜிமிக்கியின் நான்கு வாரம்

ஏரிக் களிமண்ணை முதலில் வெயிலில் காய வைத்துத் தட்டி, கல்லும் வேரும் பொறுக்கி எடுக்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊற வைத்து, பழைய பருத்திப் புடவையில் வடிகட்டுகிறார்கள். பானைக்கு இந்த அளவு சலிப்பு வேண்டியதில்லை. நகையில் ஒரு கடுகளவு கல் தங்கினாலும் சூளையில் அந்த இடம் வெடித்துவிடும். வடிந்த மண் இறுகி வரும்போது பிசைகிறார்கள். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியான பதம். உள்ளே காற்றுக்குமிழ் இருக்கக் கூடாது.

ஜிமிக்கியின் கிண்ணம் கட்டைவிரல் நுனியில் உருவாகிறது. உருட்டிய மண்ணில் விரலை அழுத்தித் திருப்பினால் குடை போல விரியும். விளிம்பில் அரிசிமணி அளவு உருண்டைகளை வரிசையாக ஒட்டுகிறார்கள். கம்பி வளையம் நுழையும் துளையை ஈரம் இருக்கும்போதே ஊசியால் போட்டுவிட வேண்டும். காய்ந்த பிறகு துளைத்தால் விரிசல் விழும். பிறகு நிழலில் பல நாள் உலர்த்தல். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேற்புறம் முந்திச் சுருங்கி வெடிக்கும். காய்ந்து சுட்டு முடிக்கும்போது அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அதனால் இரண்டு காதுக்கும் ஒரே மண், ஒரே நாள், ஒரே சூளை. ஜோடியில் ஒன்று உடைந்தால் இன்னொன்றை அச்சு அசலாகச் செய்வது கடினம்.

மழைக்காலத்தில் இந்த நான்கு வாரம் ஆறு வாரமாகும். இதையெல்லாம் கடைப்பக்கத்தில் எழுதிவைத்தால் ஆர்டர் தாமதமாவது குறையாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மண் காயாது என்று தெரிந்த வாடிக்கையாளர் பொங்கலுக்கான நகையைப் புரட்டாசியிலேயே கேட்பார். செய்முறையைச் சொல்வது விளம்பரம் என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. வாங்குபவரையும் பருவத்துக்குப் பழக்குகிறது.

மக்கும் நகை என்று சொல்லலாமா?

சுடுமண் நகை விற்கும் பல பக்கங்களில் “நூறு சதவீதம் இயற்கை”, “மண்ணில் மக்கிவிடும்” என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். இதில் இரண்டாவது வாக்கியம் தவறு. சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு அது மீண்டும் சேறாகாது. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் பானை ஓடுகள் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நம் கைக்குக் கிடைத்தது சுட்ட மண் மக்காததால்தான். அது மண்ணுக்கு நஞ்சாகாது. ஆனால் மக்காது. இரண்டும் வேறு வேறு.

சட்டமும் இப்போது இதைக் கவனிக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் போலிப் பசுமை விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. சுற்றுச்சூழலுக்கு உகந்தது, பசுமையானது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது. எந்த வகையில் உகந்தது என்று விளக்க வேண்டும். சான்று கையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெரிய நிறுவனங்களுக்குச் சான்று திரட்டுவது செலவு பிடித்த வேலை. ஏரியும் சூளையும் கண் முன்னால் இருக்கும் ஒருவருக்கு அது எளிது.

ஆகவே நேர்மையான பக்கத்தில் இப்படி எழுதலாம். மண் எந்த ஏரியிலிருந்து, யாருடைய அனுமதியோடு எடுத்தது. சூளைக்கு வறட்டியா, உமியா, விறகா. நிறம் செங்காவியா, அக்ரிலிக்கா. அக்ரிலிக் வண்ணம் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. அதைப் பூசிய நகையை முழு இயற்கை என்று சொல்ல முடியாது. காற்றை அடைத்துச் சூளை வைத்தால் மண் தானாகவே கறுக்கும். திறந்து வைத்தால் சிவக்கும். இந்த இரண்டு நிறத்தை மட்டும் வைத்தே ஒரு முழு வரிசை நகை செய்யலாம். கொக்கியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது புண்ணாகும். கொக்கி எந்த உலோகம் என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நீடித்த பயன்பாடு என்றால் என்ன என்பதற்கு இன்னொரு விடையும் உண்டு: பழுது பார்த்துத் தருவது. “ஒரு கம்மல் உடைந்தால் மற்றொன்றை அனுப்புங்கள், அதன் அளவுக்கு நெருக்கமாகச் செய்து ஜோடி சேர்த்துத் தருகிறோம்” என்ற ஒரு வரி, பச்சை இலை போட்ட எந்த முத்திரையையும் விடக் கனமானது. ஊர்த் தட்டாரிடம் திருகாணி மாற்றப் போன காலத்தில் நகைக்காரருக்கும் நமக்கும் இருந்த உறவு அதுதான்.

வாடகை வீடும் சொந்த முகவரியும்

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பாட்டும் நடிப்புமாக அங்கே ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் அந்தக் கூட்டம் கைவிட்டுப் போனது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அடுத்தவர் தளத்தில் வைத்த கடைக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

கைவினைக்கென்றே பிறந்த சந்தைகளும் விலக்கில்லை. 2005-ல் அமெரிக்காவில் தொடங்கிய எட்ஸி, கையால் செய்த பொருளுக்கான இடமாகப் பெயர் பெற்றது. 2013-ல் வெளித் தயாரிப்பாளர்களைக் கொண்டு செய்வதற்கும் அங்கே இடம் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் விற்பனைக் கட்டணம் 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தபோது விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையடைப்பு நடத்தினார்கள். கட்டணம் குறையவில்லை. வாடகைக்கு இருக்கும் வீட்டில் வாடகையை முடிவு செய்வது வீட்டுக்காரர்தான்.

இதனால் இந்தத் தளங்களை ஒதுக்க வேண்டும் என்று ஆகாது. இன்ஸ்டாகிராம் தெரு, அங்கே நடமாட்டம் உண்டு. 2018-ல் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் பிசினஸில் பொருள்களைப் பட்டியலாக வைக்கலாம். அதில் பேரம் பேசலாம், யுபிஐ-யில் பணம் வாங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் ‘மதி’ என்ற பெயரில் விற்கும் வழி இருக்கிறது. 1973-ல் தொடங்கிய பூம்புகார் நிறுவனமும் இணையத்தில் விற்கிறது. இவை எல்லாவற்றிலும் கடை போடலாம். ஆனால் இவற்றிலிருந்து வருகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்று நம் பெயரில் இருக்க வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் ‘.இன்’ என்று முடியும் ஓர் இணைய முகவரி கிடைக்கும். அதில் ஐந்து பக்கம் போதும்: யார் செய்கிறோம், எந்த ஊர், எப்படிச் செய்கிறோம், என்ன இருக்கிறது, உடைந்தால் என்ன செய்வோம்.

அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். வாங்கியவர் பெயர், ஊர், எதை வாங்கினார், யாருக்காக வாங்கினார் என்று அவர் சம்மதத்தோடு குறித்து வைப்பது. எந்தத் தளம் மூடினாலும் அந்த நோட்டு மூடாது.

தேடலுக்கும் இதுவே பொருந்தும். “டெரகோட்டா ஜிமிக்கி” என்று தேடுகிறவர் உண்டு. “சுடுமண் நகை” என்று தேடுகிறவரும் உண்டு. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் நிறைய. மூன்றும் பக்கத்தில் வர வேண்டும். நகைக்கு எண்ணைக் காட்டிலும் பெயர் நல்லது. வேப்பம்பூ ஜிமிக்கி, நெல்மணி ஆரம் என்று வைத்தால் ஒரு முறை பார்த்தவர் மறுமுறை கேட்டு வாங்குவார். போட்டோவுக்குத் திண்ணையின் காலை வெளிச்சம் போதும். ஜிமிக்கியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம், காதில் போட்டு ஒரு படம், பின்புறத்தைக் காட்டி ஒரு படம். கீழே எடை எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். மண் நகை கனக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. தராசு எண் அதைப் போக்கும்.

விலைக்குள் இருக்கும் கூலி

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு ஜோடி ஜிமிக்கியை 150 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். கொக்கி, வண்ணம், எரிபொருளுக்கு 35 ரூபாய். அட்டைப் பெட்டிக்கு 10. சூளையில் உடைவதற்கும் தளக் கட்டணத்துக்குமாக 15. மிச்சம் 90 ரூபாய். மண் பிசைவதிலிருந்து பார்சல் கட்டுவது வரை ஒரு ஜோடிக்குச் சேரும் நேரம் இரண்டரை மணி என்றால், மணிக்கு 36 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு 288. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். அதாவது பல ஆண்டு கற்ற கைவேலைக்கு ஏரிக்கரையில் மண் வெட்டும் கூலிகூடக் கிடைக்கவில்லை.

நாளுக்கு 600 ரூபாயாவது வேண்டுமென்றால் அந்த ஜிமிக்கியின் விலை 250-க்குப் பக்கத்தில் வரும். அச்சில் வார்த்து 80 ரூபாய்க்கு விற்கும் பொருளோடு அது விலையில் போட்டி போட முடியாது. போடவும் கூடாது. வாங்குபவர் 250 கொடுப்பதற்கு அவருக்குக் காரணம் தெரிய வேண்டும். இந்தக் கணக்கை அப்படியே பக்கத்தில் எழுதிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. மண்ணுக்கு நல்லது செய்யும் தொழில், அதைச் செய்பவரின் வயிற்றைக் காயப்போட்டால் அது எத்தனை நாள் நீடிக்கும்? நீடித்த தன்மை என்ற சொல்லுக்குள் கூலியும் சேரும்.

காகித வேலை

இணையத்தில் விற்கச் சரக்கு, சேவை வரிப் பதிவு கட்டாயம் என்ற அச்சம் ஊர்ப்புறத்தில் பலரைத் தடுத்திருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர்களுக்குத் தங்கள் மாநிலத்துக்குள் மின்வணிகத் தளங்கள் வழியே பொருள் விற்கப் பதிவு தேவையில்லை. வெளிமாநில விற்பனைக்குப் பொதுவாகப் பதிவு வேண்டும். பட்டியலிட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. நம் பொருள் பட்டியலில் வருகிறதா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்துக்கும் அதே மையம்தான். 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் வரை கடனும் 25 சதவீத மானியமும், அதிகபட்சம் 50,000 ரூபாய், அதில் கிடைக்கும். கடையின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிய விரும்பினால் நகைகளுக்கு 14-ஆம் வகுப்பு. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு அனுப்புவது பற்றிப் பலரும் கனவு காண்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா சிறு பார்சல்களுக்கு இருந்த சுங்க விலக்கை நீக்கியபோது இந்திய அஞ்சல் துறை அந்த நாட்டுக்கான பார்சல்களை நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே முதல் நூறு வாடிக்கையாளர்களை விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி, சென்னைக்குள் தேடிக்கொள்வது நல்லது. உடைந்தால் திரும்ப வாங்கவும் முடியும்.

ஈர மண்ணில் ஒரு பெயர்

இந்த மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், ஆரோவில்லில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு உபாசனா என்ற ஆடை வடிவமைப்பகம் கடலோரப் பெண்களுக்கு மிச்சத் துணியில் விரல் அளவு பொம்மை செய்யப் பயிற்சி கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். அதைக் கடையில் விற்கவில்லை, பரிசாகக் கொடுத்தார்கள், விரும்பியவர்கள் நன்கொடை அனுப்பினார்கள். பல லட்சம் பொம்மைகள் உலகமெங்கும் போயின. விரல் நீளத் துணிக்கு அத்தனை மதிப்பு வந்தது அதைத் தைத்த பெண்களின் கதை அதோடு சேர்ந்து போனதால்.

கண்டாச்சிபுரத்து ஜிமிக்கிக்கும் அதே வழி திறந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒரு சீட்டு: மண் எடுத்த ஏரி, சூளை வைத்த நாள், செய்தவர் பெயர், இணைய முகவரி. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜிமிக்கியின் உட்புறம், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மண் ஈரமாக இருக்கும்போதே ஊசி முனையால் ஒரு ‘க’ எழுதுவது. ஊரின் முதல் எழுத்து. சீட்டு தொலையும், முகவரி மாறும், செயலிகள் வரும், போகும். சுட்ட மண் மக்காது. அரிக்கமேட்டுப் பானை ஓட்டில் ஒருவர் கீறிய பெயரை இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நம்மால் படிக்க முடிகிறது. மணி செய்தவருக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பு ஜிமிக்கி செய்பவருக்கு இருக்கிறது.